ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய வீட்டை வாங்கலாமா?

கேள்வி இதுதான். சிங்கப்பெருமாள் கோவில் அருகே, சென்னையிலிருந்து தெற்கே போகும் தேசிய நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலையின் சர்வீஸ் ரோட்டிலிருந்து இரண்டாவது மனையில் ஒரு தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. கீழே ஒரு படுக்கையறை, மாடியில் இரண்டு. மாடி அறைகள் இரண்டுமே சாலையைப் பார்த்தபடி இருக்கின்றன. முன்னால் உள்ள மனை காலி. இதே அளவு வீடு அரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி வாங்கினால் 12 லட்சம் கூடுதல். கேட்பவருக்கு மகேந்திரா சிட்டியில் வேலை. மூன்று வயது மகளும் 68 வயது அம்மாவும் கூட இருக்கிறார்கள். "12 லட்சம் மிச்சமாகிறது, சத்தம் போகப்போகப் பழகிவிடும் என்கிறார்கள், வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த விலைக்கு இந்த வீடு வேண்டாம் என்பது என் பதில். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு வேறொரு வீட்டைப் பார்க்கும்போதும் அவை உங்களுக்குத் தேவைப்படும்.

நான் கட்டடப் பொறியாளர். வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிட்டுக் கொடுப்பது என் தொழில். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் நிறைய வீடுகளுக்குள் போய் வந்திருக்கிறேன். நெடுஞ்சாலை ஓரம் என்றாலே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை. அங்கேயும் நல்ல வீடுகள் உண்டு, நிம்மதியாக வாழ்கிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு வீட்டில் ஜன்னலை மாற்றலாம், தரையை மாற்றலாம், மேலே மாடி எழுப்பலாம். சாலைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை மட்டும் எதுவும் செய்ய முடியாது. சத்தம், புகை, நிலம் எடுப்பு, மறுவிற்பனை எல்லாமே அந்தத் தூரத்தைப் பொறுத்துத்தான் அமைகின்றன. பேரம் பேசுவதற்கு முன்னால் அந்த ஒரு எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "ரோட்டிலிருந்து நூறு அடி உள்ளே" என்று விற்பவர் சொன்னால், அவர் பெரும்பாலும் சர்வீஸ் ரோட்டின் ஓரத்திலிருந்து சொல்கிறார். நெடுஞ்சாலை விதிகளோ சாலையின் மையக்கோட்டிலிருந்து அளக்கின்றன. நீங்களும் சாலையின் நடுத்தடுப்பான சென்டர் மீடியனிலிருந்து அளங்கள். போனில் உள்ள வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, மீடியனிலிருந்து படுக்கையறைச் சுவர் வரை தூரம் பாருங்கள். முதல் கணக்குக்கு அது போதும். நீங்கள் சொல்லும் அமைப்பை வைத்துப் பார்த்தால் அந்த வீடு 55 முதல் 65 மீட்டருக்குள் வரும் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த எண் ஏன் முக்கியம்? தேசிய நெடுஞ்சாலை திறந்த வெளிகள் வழியாகப் போகும் இடங்களில், மையக்கோட்டிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடமே கூடாது. 40 முதல் 75 மீட்டர் வரை நெடுஞ்சாலைத் தரப்பின் ஒப்புதலோடு மட்டும் கட்டலாம். முதலாவதைக் கட்டடக் கோடு என்றும் இரண்டாவதைக் கட்டுப்பாட்டுக் கோடு என்றும் சொல்வார்கள். நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இந்தத் தூரங்கள் குறையும். அங்கே திட்ட அனுமதியில் சொல்லியிருக்கும் முன்பக்க இடைவெளிதான் பேசும். உங்கள் வீடு எந்தத் தேதியில், யாருடைய அனுமதியோடு கட்டப்பட்டது, அனுமதி வரைபடத்தில் சாலை எல்லை எங்கே வரையப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான். திட்ட அனுமதி தரும் அரசு அமைப்புகளான டிடிசிபி அல்லது சிஎம்டிஏவின் அனுமதி எண்ணை மட்டும் காட்டினால் விடாதீர்கள். வரைபடத்தையே கேட்டு வாங்குங்கள். கீழ்த்தளத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு மாடியை அனுமதி இல்லாமல் கட்டியிருப்பது இந்தப் பக்கம் மிகச் சாதாரணம்.

அடுத்தது நிலம் எடுப்பு. ஒரு தலைமுறைக்குள் இந்தச் சாலை எவ்வளவு அகலமாகியிருக்கிறது என்பதை உங்கள் அம்மாவின் வயதில் உள்ள உள்ளூர்க்காரர்களைக் கேட்டாலே சொல்வார்கள். நான்கு வழியாக இருந்தது, பல இடங்களில் எட்டு வழியாகிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பேருந்துகளின் கூட்டம் வண்டலூரிலிருந்தே தொடங்குகிறது. பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் உயர்மட்டச் சாலை அமைப்பது பற்றியும் பேச்சு இருக்கிறது. இப்படிப்பட்ட சாலையில், இன்றைய அகலம்தான் கடைசி என்று எண்ணி யாரும் பணம் போடக்கூடாது.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-ன் கீழ் நிலம் எடுக்கும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் பிரிவு 3ஏ அறிவிப்பு அரசிதழில் வரும். அதாவது, இந்த சர்வே எண்களை எடுக்க உத்தேசம் என்பது. அதற்கு 21 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம். ஒரு வருடத்துக்குள் பிரிவு 3டி அறிவிப்பு வர வேண்டும், வராவிட்டால் முதல் அறிவிப்பு காலாவதியாகிவிடும். 3டி வந்த அன்றே நிலம் மத்திய அரசுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு உரிமையாளரிடம் விற்பதற்கு எதுவும் இல்லை, இழப்பீடு கேட்கும் உரிமை மட்டும்தான் மிச்சம்.

இதில் ஆபத்து எங்கே என்றால், எல்லோரும் நம்பியிருக்கும் வில்லங்கச் சான்றில் இந்த அறிவிப்புகள் பெரும்பாலும் தெரியாது. வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல். 3ஏ அறிவிப்பு வருவது அரசிதழில். முப்பது வருட வில்லங்கம் சுத்தமாக இருக்கும். வீட்டின் கார் நிறுத்துமிடமும் முன் அறையும் எடுப்புப் பட்டியலில் இருக்கும். செங்கல்பட்டுக்குத் தெற்கே அப்படி ஒரு வீட்டை மதிப்பிடப் போயிருந்தேன். வாங்குபவர் அட்வான்ஸ் கொடுத்து, குழந்தைகளுக்குப் பள்ளியில் இடமும் வாங்கிவிட்டார். சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தை வைத்து அளந்தபோது படிக்கட்டு வரை நெடுஞ்சாலைக்கான நிலத்தில் இருந்தது. வங்கி கடனை மறுத்தது. அட்வான்ஸ் திரும்பி வர அவர் பட்ட பாடு பெரிது.

அதனால் இந்த வேலைகளைச் செய்யுங்கள். பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்ப் பதிவேடு), புல வரைபடம் மூன்றையும் அரசின் இணையச் சேவையிலேயே எடுத்துவிடலாம். பக்கத்து சர்வே எண்கள் என்னவாக இருக்கின்றன, எது சாலைப் புறம்போக்கு என்று அ-பதிவேட்டில் பாருங்கள். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து மனையின் நான்கு மூலைகளையும் அளக்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று அவர் காட்டட்டும். பிறகு உங்கள் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, 3ஏ அல்லது 3டி அறிவிப்பு ஏதாவது உண்டா, விரிவாக்கத் திட்டத்தில் அந்த எண் வருகிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட அலுவலகத்துக்கு ஒன்று, மாவட்டத்தில் நெடுஞ்சாலை நில எடுப்பைப் பார்க்கும் தனி வருவாய் அலுவலருக்கு ஒன்று. கட்டணம் பத்து ரூபாய், பதில் தர அவர்களுக்கு 30 நாள். "வேறு பார்ட்டி ரெடியாக இருக்கிறது, இந்த வாரமே முடிவு சொல்லுங்கள்" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். அந்த 30 நாளைத் தராத வீட்டை விட்டுவிடலாம்.

கூடவே இன்னொன்று. வாங்குகிற உண்மையான விலைக்கே பத்திரம் பதியுங்கள். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்கக் குறைத்துப் பதிவது ஊர் வழக்கமாகிவிட்டது. நாளைக்கு நிலம் எடுக்கும்போது சந்தை மதிப்பை வழிகாட்டி மதிப்பையும், சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று வருடங்களில் பதிவான கிரயப் பத்திரங்களையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 2013 நில எடுப்புச் சட்டப்படி அதன்மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை, அதாவது அதே அளவு கூடுதல் தொகை, உண்டு. அடிப்படைத் தொகையே குறைவாக இருந்தால் இழப்பும் இரட்டிப்பாகும். சாலைப் புறம்போக்கில் நீட்டிக் கட்டிய பகுதி இருந்தால் அதற்கு நிலத்தின் விலை வராது.

இனி சத்தம். "பழகிவிடும்" என்பது பாதி உண்மை. விழித்திருக்கும்போது மனம் பழகிக்கொள்ளும். தூக்கத்தில் உடம்பு அப்படிப் பழகுவதில்லை. லாரி ஒன்று ஏர் ஹார்ன் அடித்துப் போகும்போது நீங்கள் எழுந்திருக்காமல் இருக்கலாம், ஆனால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்கும், ஆழ்ந்த தூக்கம் கலையும். காலையில் எதற்கென்று தெரியாத அசதி மிஞ்சும். உங்கள் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் இதை நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

நம் நாட்டு ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. உலக சுகாதார அமைப்பும் 2018-ல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் சாலைப் போக்குவரத்துச் சத்தம் இரவில் 45-ஐத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். வண்டிகள் தொடர்ந்து ஓடும் சாலையின் சத்தம், தூரம் இரண்டு மடங்காகும்போது சுமார் 3 டெசிபல்தான் குறையும். சாலையிலிருந்து 15 மீட்டரில் 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் 72, 60 மீட்டரில் 69, 120 மீட்டரில் 66. உங்கள் வீட்டுக்கு நான் போட்ட தூரத்தில் பகல் வரம்பைவிடவே 14 டெசிபல் கூடுதல். 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும்.

அப்படியானால் அரை கிலோமீட்டர் உள்ளே மட்டும் எப்படி அமைதியாக இருக்கிறது? நடுவில் நிற்கும் வீடுகள்தான் காரணம். வரிசையாக இருக்கும் கட்டடங்கள் சத்தத்தை மறிக்கின்றன, மண் தரையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. உங்கள் வீட்டுக்கு முன்னால் காலி மனை இருப்பதால் அந்த மறிப்பு உங்களுக்கு இல்லை. அதுவும் மாடி அறைகளுக்குச் சாலை நேராகவே தெரிகிறது. சாலையைக் கண்ணால் பார்க்க முடிந்தால் அதன் சத்தம் முழுசாக வந்து சேர்கிறது என்று அர்த்தம்.

எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது என்பதும் இருக்கிறது. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வீடு காட்டுவார்கள். அந்த நேரம் ஒன்றும் சொல்லாது. சென்னை நகருக்குள் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் இந்தச் சாலையில் லாரிகளின் ஓட்டம் இரவில் கூடும். ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து வரும் கண்டெய்னர்கள் சிங்கப்பெருமாள் கோவிலில்தான் ஜிஎஸ்டி சாலையைத் தொடுகின்றன. வெள்ளி இரவு தெற்கே போகும் ஆம்னி பேருந்துகள், ஞாயிறு இரவும் திங்கள் விடிகாலையும் திரும்பி வருபவை. ஆகவே வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றுக்கு ஒரு முறை, வார நாள் ஒன்றில் விடிகாலை மூன்று மணிக்கு ஒரு முறை போய், மாடி அறையில் ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் உட்காருங்கள். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையென்றால் தெருவிலாவது நில்லுங்கள். போனில் சத்தம் அளக்கும் செயலி துல்லியமாக இருக்காது, ஆனால் ஒரே போனை வைத்து இங்கேயும் அந்த உள் தெருவிலும் அளந்து வித்தியாசத்தைப் பார்த்தால் பயன் உண்டு. அருகில் வேகத்தடை, யு டர்ன், சிக்னல், பாலத்தின் இணைப்பு எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே சீராக ஓடும் சாலையைவிட, லாரி பிரேக் போட்டு மறுபடி கியர் மாற்றி ஏறும் இடம் தொந்தரவு அதிகம். தண்டவாளமும் இந்தச் சாலையோடு கூடவே போகிறது. ரயில் ஹார்னையும் கணக்கில் சேருங்கள்.

ஜன்னலை மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், பலனும் உண்டு. செங்கல் சுவர் சத்தத்தை நன்றாகவே தடுக்கும், பலவீனம் எப்போதும் ஜன்னலில்தான். இப்போது எல்லா வீட்டிலும் போடுகிற தள்ளு ஜன்னல் இதற்கு உதவாது. சட்டத்தின் இடுக்கு வழியாகச் சத்தம் வந்துவிடும். ரப்பர் பட்டையோடு இறுக்கி மூடுகிற, கதவு போலத் திறக்கும் யுபிவிசி ஜன்னலும், நடுவில் மெல்லிய படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியும் போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் மூடி வைத்தால்தான் அந்த வித்தியாசம். நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் ஜன்னலை மூடினால் ஏசி இல்லாமல் முடியாது. கரண்ட் போனால் ஜன்னலைத் திறந்தாக வேண்டும், திறந்தவுடன் செலவழித்த காசு அத்தனையும் வீண். வருடம் முழுக்க மூடிய அறையில் ஒரு மூன்று வயதுக் குழந்தை வளர வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

மதில் சுவரை உயர்த்தினால் கீழ்த்தளத்துக்கு ஓரளவு உதவும், மாடிக்கு உதவாது. மரம் வைத்தால் சத்தம் குறையும் என்பதை எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு வரிசை வேம்பும் புங்கனும் நிழல் தரும், தூசியைக் கொஞ்சம் பிடிக்கும், மனதுக்கு இதமாக இருக்கும். சத்தத்தை உண்மையில் குறைக்க அடர்ந்த மரக்கூட்டம் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு வேண்டும். ஒரு மனையில் அது நடக்காது.

சத்தமாவது காதில் விழுகிறது, எச்சரிக்கை கொடுக்கிறது. காற்று அப்படியில்லை, அதனால்தான் எனக்கு அதைப் பற்றிக் கவலை அதிகம். வண்டிப் புகையில் உள்ள மிக நுண்ணிய துகள்கள் சாலையை ஒட்டி மிக அதிகமாகவும், பகலில் சுமார் 300 மீட்டர் தாண்டும்போது சுற்றுப்புற அளவுக்கு அருகிலும் வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் 2010-ல் முந்தைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரையுள்ள பகுதிதான் வண்டிப் புகையால் அதிகம் பாதிக்கப்படுவது என்றது. தெற்குக் கலிபோர்னியாவில் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. விரைவுச்சாலைக்கு 500 மீட்டருக்குள் வளர்ந்த குழந்தைகளுக்கு நுரையீரலின் வளர்ச்சி குறைவாக இருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் லட்சக்கணக்கானோரின் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பெரிய சாலைக்கு 50 மீட்டருக்குள் வசித்தவர்களிடம் மறதி நோய் 7 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. 200 மீட்டருக்கு அப்பால் அந்தத் தொடர்பே இல்லை. அந்த ஊர்ச் சாலைகளும் வண்டிகளும் வேறு, நம்முடையவை வேறு. ஆனாலும் நுரையீரல் வளர்கிற வயதில் ஒருவர், முதுமையில் ஒருவர் என்று உங்கள் வீட்டில் இருவர் இருக்கிறார்கள். இந்த ஆய்வுகள் பேசுவது அவர்களைப் போன்றவர்களைப் பற்றித்தான்.

2020 ஏப்ரலிலிருந்து கடுமையான புகை வரம்புக்கு உட்பட்ட பிஎஸ்-6 வண்டிகள்தான் விற்கப்படுகின்றன, மின்சார வண்டிகளும் வருகின்றன, போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. புகை குறையும், உண்மைதான். ஆனால் பழைய லாரிகள் இன்னும் பல வருடம் ஓடும். டயரும் பிரேக்கும் தேய்ந்து வரும் தூசிக்கு மின்சார வண்டி விதிவிலக்கில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் காதில் விழும் இரைச்சலில் பெரும்பகுதி டயர் சத்தம்தான், என்ஜின் சத்தம் இல்லை.

காற்றடிக்கும் திசையைப் பார்த்து வாங்கினால் தப்பிக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். இந்தச் சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று, சாயங்காலம் கிழக்கிலிருந்து கடல் காற்று, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. எந்தப் பக்கம் வாங்கினாலும் வருடத்தில் பாதி உங்கள் பக்கம்தான். மார்கழி, தை விடிகாலைகளில் காற்றே இல்லாமல் பனி மூடியிருக்கும்போது புகை மேலே எழும்ப வழியின்றி இரண்டு பக்கமும் தரையோடு தங்கிவிடும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கைக்குட்டை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஜன்னலின் கொசுவலை, மின்விசிறி இறக்கையின் மேல்பக்கம், பரண்மேல் ஓரங்கள், இவற்றைத் துடைத்துப் பாருங்கள். வீடு காட்டுவதற்காகத் தரையைத் துடைத்திருப்பார்கள், இந்த இடங்களை யாரும் துடைப்பதில்லை. சாதாரண வீட்டுத் தூசி சாம்பல் நிறத்தில் உதிரும். நெடுஞ்சாலைத் தூசி கறுப்பாக, லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டும். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி இருக்கிறதா, அல்லது துணியை உள்ளேயே உலர்த்துகிறார்களா என்றும் கவனியுங்கள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் இதைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

மழை நீர் விஷயத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுவிட்டால் சாலை உயர்ந்துகொண்டே போகும், வீடு பள்ளமாகும். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவுறுத்தியது, ஆனாலும் நடப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். கூடுவாஞ்சேரி முதல் செங்கல்பட்டு வரை இந்தச் சாலை ஏரிகளின் ஓரமாகவே போகிறது. நெடுஞ்சாலையின் மேடு, ஏரிக்கும் வாய்க்காலுக்கும் போகிற தண்ணீரை மறிக்கும் கரையாகிவிடுகிறது. வீட்டுக்கு அருகில் சாலைக்கு அடியில் போகும் சிறுபாலம் எங்கே இருக்கிறது, அது அடைபட்டிருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். வாசல் தளம் சாலையின் மேட்டைவிட இரண்டு அடியாவது உயரமாக இல்லாவிட்டால் எனக்குத் திருப்தி இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர் டீக்கடையில் கேளுங்கள்.

லாரி அதிர்வில் வீடு விரிசல் விடுமா என்பது பலருடைய பயம். நல்ல நிலையில் உள்ள சாலையாக இருந்து, வீடும் இவ்வளவு தூரத்தில் இருந்தால் அது அரிது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைக் கண்டால் அடித்தளம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அது சாலையைவிடப் பெரிய பிரச்சினை. அதற்குத் தனியாக ஒரு பொறியாளரைக் கூட்டிப் போங்கள்.

அப்புறம், சாலையைக் கடப்பது. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலையின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். அந்த வருடம் மாநிலங்களிலேயே அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில், 64,105. பள்ளி, மருந்துக்கடை, ரயில் நிலையம், கோயில், காய்கறிக் கடை ஆகியவை சாலைக்கு எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் என்றால் நடை மேம்பாலமோ சுரங்கப்பாதையோ எவ்வளவு தூரம்? இருசக்கர வண்டியில் போய் யு டர்ன் எடுத்து வர எவ்வளவு நேரம்? யு டர்ன் தொலைவில் இருந்தால் வீட்டில் யாராவது ஒரு நாள் எதிர்த்திசையில் வர ஆரம்பிப்பார்கள். நல்ல மனிதர்கள், பொறுப்பானவர்கள், எல்லோரும் அதைச் செய்கிறார்கள். இன்னும் ஏழெட்டு வருடத்தில் உங்கள் மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போக வேண்டும் என்பாள். அந்த வாசலிலிருந்து அவளைத் தனியாக அனுப்புவீர்களா?

இப்போது அந்த 12 லட்சம். மெயின் ரோடு மனைக்கு விலை அதிகம் என்பது கடைக்குப் பொருந்தும், வீட்டுக்கு இல்லை. முதல் மனைக்குச் சாலை முகப்பு இருக்கிறது. வேண்டாமென்றால் கடைக்கோ ஏடிஎம்முக்கோ வாடகைக்கு விடலாம். உங்களுடையது இரண்டாவது மனை. சாலையின் சத்தமும் புகையும் வந்து சேரும், சாலை முகப்பின் வருமானம் வராது. முன்மனையில் நாளை என்ன வரும் என்பதும் உங்கள் கையில் இல்லை. நான்கு மாடி அலுவலகம் வந்தால் உங்களுக்கு நல்ல மறைப்பு கிடைக்கும். இரவு முழுக்க இயங்கும் ஹோட்டலோ, கல்யாண மண்டபமோ, டயர் பஞ்சர் கடையோ வந்தால் சாலையே பரவாயில்லை என்றாகிவிடும். முன்மனை யாருடையது, என்ன கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் இரண்டாவது மனையை வாங்கக்கூடாது.

ஜன்னல்கள், அறைக்கு ஒரு ஏசி, அதன் மின்கட்டணம், அடிக்கடி பெயின்ட், இவையெல்லாம் மிச்சமான பணத்திலிருந்துதான் போகும். நீங்கள் விற்கும் நாளில் அடுத்தவரும் இதே தள்ளுபடியைக் கேட்பார். அரை கிலோமீட்டர் உள்ளே வாங்கினால் கூடுதலாகப் போடும் 12 லட்சம் மனையின் விலையாகவே நிற்கும், விற்கும்போது திரும்பி வரும். வீட்டுக் கடனில் அந்தத் தொகைக்கான மாதத் தவணை கஷ்டமாக இருந்தால், இதே பணத்துக்குக் கொஞ்சம் சிறிய வீடாக, ஆனால் உள்ளே பாருங்கள். ஒரு அறை குறைவாக இருந்தால் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

எப்போது நான் சரி என்பேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மீடியனிலிருந்து 40 மீட்டருக்குள் குடியிருக்க வீடு வாங்கச் சொல்லமாட்டேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. 75 முதல் 150 மீட்டருக்குள், முன்னால் கட்டடங்கள் நிறைந்து, படுக்கையறைகள் பின்பக்கம் இருந்து, சந்தை விலையில் ஐந்தில் ஒரு பங்காவது குறைத்துக் கொடுத்தால், சிறு குழந்தைகள் இல்லாத குடும்பத்துக்குச் சரி. 300 மீட்டரைத் தாண்டிவிட்டால் அது நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் உள்ள வசதியான வீடு; தாராளமாக வாங்குங்கள், ஸ்டேஷனும் பேருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய வசதி. உங்களுடையதைப் போல இடைப்பட்ட தூரத்தில், மாடி அறைகள் சாலையைப் பார்த்துக்கொண்டு, முன்மனை காலியாக இருக்கும் வீட்டுக்கு 12 லட்சம் தள்ளுபடி போதாது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வீடுதான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால், அதே தெருவில் ஒரு வீட்டை மூன்று மாதம் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு இருந்து பாருங்கள். அம்மாவின் தூக்கத்தையும் குழந்தையின் இருமலையும் கவனியுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதானால் அக்ரிமென்ட்டில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதலாவது, கிரயத்துக்கு முன் நில எடுப்பு அறிவிப்பு ஏதாவது இருப்பது தெரியவந்தால் அட்வான்ஸ் முழுவதையும் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது. இரண்டாவது, சர்வேயர் அளவில் வீட்டின் எந்தப் பகுதியாவது நெடுஞ்சாலை எல்லைக்குள் வந்தாலும் அதே நிபந்தனை பொருந்தும் என்பது. கிரயத் தேதியை 45 நாள் தள்ளி வைத்துக்கொண்டால் தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வரவும் சர்வே முடியவும் நேரம் போதும்.